ஆடாத மடக்கு ஸ்டூல்: பலம் எங்கே வேண்டும், பட்டறையில் எப்படிச் செய்வது

கேள்வி இதுதான்: வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. சமையலறைப் பரணிலிருந்து பாத்திரம் இறக்க இரண்டு படி மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கினார்கள். ஒன்றரை வருஷத்தில் ஆட ஆரம்பித்தது. இப்போது வலது முன்கால் வளைந்துவிட்டது, பக்கப் பட்டையின் ரிவிட் ஓட்டையும் நீண்டுவிட்டது. அறுபது தாண்டிய அம்மாதான் அதிகம் ஏறுகிறார். தடித்த பைப்பில் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா, என்ன அளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் பழைய ஸ்டூலைக் கொண்டுபோய்க் காட்டி, "இதே மாதிரி, பைப் மட்டும் கொஞ்சம் கனமா" என்று சொல்லிவிடாதீர்கள். கனம் கூடும், ஆட்டம் அப்படியே இருக்கும். உங்கள் ஸ்டூல் கெட்டதற்குக் காரணம் பைப் மட்டும் இல்லை. முன்காலும் பின்காலும் அகன்று போகாமல் பிடித்திருக்கும் அந்தப் பட்டை இருக்கிற இடம்தான் முதல் காரணம். ஓட்டையும் ரிவிட்டும் பொருந்தியிருக்கும் விதம் இரண்டாவது.

பட்டையை முதலில் பார்ப்போம். மேலே நிற்பவரின் எடை கால்களைக் கீழே அழுத்துவதோடு நிற்காது. முன்காலை முன்னாலும் பின்காலைப் பின்னாலும் தள்ளி விரிக்கப் பார்க்கும். அந்த விரிசலைப் பட்டைதான் இழுத்துப் பிடிக்கிறது. கடையில் கிடைக்கும் பல ஸ்டூல்களில், மடக்க வசதியாக இருக்கட்டும் என்று, முன்காலும் பின்காலும் சேருகிற மேல் மூட்டுக்கு ஒரு சாண் கூடத் தள்ளாமல் இந்தப் பட்டையை வைத்திருப்பார்கள். 150 கிலோ மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்கால் ஜோடிக்கு 75, பின்கால் ஜோடிக்கு 75. மூட்டிலிருந்து பாதம் 200 மி.மீ. தள்ளி இருக்கிறது, பட்டை மூட்டுக்கு 60 மி.மீ. கீழே இருக்கிறது என்றால் பட்டையில் விழும் இழுவை 75 × 200 ÷ 60, அதாவது 250 கிலோ. பக்கத்துக்கு 125. அதே பட்டையை 300 மி.மீ. கீழே இறக்கினால் மொத்த இழுவை 50 கிலோதான். இரும்பு அதே இரும்பு, இடம்தான் வேறு.

ஓட்டை நீண்டதும் இதே கணக்கில் விளங்கிவிடும். 5 மி.மீ. ரிவிட், 1 மி.மீ. பைப் சுவர் என்றால் ரிவிட் அழுத்தும் பரப்பு வெறும் 5 சதுர மி.மீ. அதில் 125 கிலோ விழுந்தால் சதுர மி.மீ.க்கு 25 கிலோ. சாதாரணப் பைப் இரும்பு சதுர மி.மீ.க்குச் சுமார் 21 கிலோவிலேயே திரும்பி வராதபடி இளக ஆரம்பிக்கும். ஆக ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஓட்டை ஒரு மயிரிழை நீண்டது. ஓட்டை நீள நீளக் கால்கள் கூடுதலாக அகன்றன. அகல அகல இழுவை கூடியது. கடைசியில் கால் வளைந்தது.

150 கிலோ என்பது அதிகம் என்று தோன்றலாம். 65, 70 கிலோ எடையுள்ளவர் கையில் ஐந்து கிலோ பித்தளைத் தவலையோடு சட்டென்று கால் ஊன்றி இறங்கினால் ஸ்டூல் உணர்வது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 14183-ம் வீட்டுப் படி ஸ்டூலுக்கு 150 கிலோவைத்தான் வைக்கிறது. அதையே நாமும் வைத்துக்கொள்வோம்.

இனி ஆட்டம். பக்கவாட்டில் ஆடுவதற்கு மூல காரணம் தளர்ந்த ஓட்டை. 6 மி.மீ. போல்ட்டை 6.5 மி.மீ. ஓட்டையில் போட்டால் அரை மி.மீ. இடைவெளி. கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கிற பைப்பின் அகலம் 20 மி.மீ. தான். 20-க்கு அரை என்றால் 450 மி.மீ. உயரத்தில் 11 மி.மீ. பரணை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பவருக்குக் காலடியில் 11 மி.மீ. நகர்வது என்பது விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்குப் போதும். இதற்கு மருந்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி போல்ட் போடுவதை விட்டுவிட்டு ஒரே ராடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டுவது. அப்போது அதே அரை மி.மீ. இடைவெளி 20-க்குப் பதில் 380 மி.மீ. நீளத்தில் பரவுகிறது. மேலே நகர்வது அரை மி.மீ. சொச்சம்தான்.

உயரத்தை முடிவு செய்யுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பரண் லிண்டல் மட்டத்தில், தரையிலிருந்து ஏழடி, அதாவது சுமார் 2,100 மி.மீ. உயரத்தில் இருக்கும். 155 செ.மீ. உயரமுள்ள ஒருவர் கையை நீட்டிப் பிடிக்கக்கூடிய உயரம் சுமார் 190 செ.மீ. அதோடு 45 சேர்த்தால் 235. பரண் மேல் வைத்த பாத்திரத்தின் கழுத்தைப் பிடிக்க இது சரியான உயரம். ஆகவே மேல் படி 450 மி.மீ., கீழ்ப் படி 225 மி.மீ. இதற்கு மேல் உயர்த்தச் சொல்லாதீர்கள். ஃபேன் துடைக்க வேண்டுமென்றால் அதற்கு ஏணிதான் சரி. இந்த ஸ்டூலைக் கட்டில்மேல் போட்டு ஏறுவது வேண்டவே வேண்டாம்.

அமைப்பைச் சொல்கிறேன். பட்டறைத் தரையில் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். காகிதத்தில் போட்ட படத்தைவிட அது நூறு மடங்கு உபயோகம், ஏனென்றால் வெட்டிய பைப்பை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

தரைக்கோட்டில் முன்பாதப் புள்ளி ஒன்று. அதிலிருந்து 460 மி.மீ. பின்னால் பின்பாதப் புள்ளி. முன்பாதப் புள்ளிக்கு 270 மி.மீ. பின்னால், தரையிலிருந்து 750 மி.மீ. உயரத்தில் மேல் மூட்டு. முன்பாதத்தையும் மூட்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அதை அப்படியே 850 மி.மீ. உயரம் வரை நீட்டுங்கள். இது முன்சட்டம், நெட்டிலிருந்து சுமார் 20 டிகிரி பின்னுக்குச் சாய்ந்திருக்கும். பின்பாதத்தையும் மூட்டையும் சேர்த்தால் பின்சட்டம், சுமார் 14 டிகிரி.

மூட்டு ஏன் படிக்கு மேலே 300 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்? இரண்டு லாபம். மேல் படியே முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும் பட்டையாகிவிடுகிறது, அதுவும் மூட்டிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி. 150 கிலோ ஏற்றினாலும் அதில் விழும் இழுவை மொத்தம் 35 கிலோ அளவில் நின்றுவிடும், பழைய ஸ்டூலில் இருந்த 250 எங்கே, இது எங்கே. இன்னொன்று, 850-இல் வரும் குறுக்குப் பைப் மேல் படியிலிருந்து 400 மி.மீ. உயரத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ஏறும்போது குனிந்து பிடிக்கவும், நிற்கும்போது காலைச் சாய்த்துக்கொள்ளவும் அது உதவும். வயதானவருக்கு இது மிகப் பெரிய தெம்பு. இந்தக் கைப்பிடியை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

பைப் 25 × 25 மி.மீ. சதுரம், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. சுவர். கடையில் ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப் என்று கேட்டால் தருவார்கள். கேஜை மட்டும் அவர் சொல்வதை நம்பாமல் வெர்னியரில் முனையை அளந்து வாங்குங்கள். 18 கேஜ் என்றால் 1.2 தான், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 20 மி.மீ. 18 கேஜ் பைப்பின் வளைவைத் தாங்கும் திறன் இதில் பாதிக்கும் குறைவு. 150 கிலோவுக்கு இந்த அமைப்பில் முன்கால் அதிகமாக வளையப் பார்க்கும் இடம் மேல் படி மட்டம். 25 மி.மீ. 16 கேஜில் அங்கே சதுர மி.மீ.க்கு 6 கிலோதான் வரும். ஒரே பக்கமாக மிதித்து முழு எடையும் ஒரு காலில் போனாலும் 12. இதையே 20 மி.மீ. 18 கேஜில் செய்தால் 12, ஒரு பக்க மிதியில் 24. முன்னே சொன்ன 21 கிலோ எல்லையை அது தாண்டிவிடுகிறது. உங்கள் ஸ்டூலின் வலது கால் மட்டும் வளைந்திருப்பதற்கு அனேகமாக இதுதான் காரணம்: வலதுகாலை முதலில் வைத்து ஏறுபவர் எப்போதும் அதே பக்கத்தைத்தான் மிதிப்பார்.

வெட்ட வேண்டிய துண்டுகள்: முன்சட்டத்துக்கு 900 மி.மீ. இரண்டு, அவற்றுக்கு நடுவே கைப்பிடிக் குறுக்கு 330 ஒன்று, பின்சட்டத்துக்கு 800 இரண்டு, முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் குறுக்காக 460 ஒவ்வொன்று. கூட்டினால் 4.65 மீட்டர், ஒரு முழு நீளம் (20 அடி) வாங்கினால் மீதமும் கிடைக்கும். படிகளுக்கு 25 × 25 × 3 ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) இரண்டே கால் மீட்டர். 10 மி.மீ. பிரைட் ராடு ஒரு மீட்டர், 16 மி.மீ. ராடு அரை மீட்டர். எல்லாம் சேர்ந்து முடித்தால் ஸ்டூல் சுமார் 10 கிலோ வரும். கடை ஸ்டூலைவிட நிச்சயம் கனம். அம்மா தூக்கி இடம் மாற்ற வேண்டியிருக்காதபடி சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நிரந்தர இடம் கொடுத்துவிடுங்கள்.

முன்சட்டம் உள்ளே, பின்சட்டம் வெளியே. முன்சட்டத்தின் வெளி அகலம் 380. பின்சட்டத்தின் உள் அகலம் 386. பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளியில் நைலான் வாஷர் உட்காரும். இதை மாற்றிப் பின்சட்டத்தை உள்ளே விட்டால், மடக்கும்போது அது கீழ்ப் படியில் முட்டும். பட்டறையில் அதிகம் நடக்கிற தவறு இது. படி வெல்டு ஆனபிறகுதான் தெரியவரும், அப்போது எல்லாவற்றையும் அறுக்க வேண்டியிருக்கும்.

460 மி.மீ. பாதக் குறுக்குகளை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முன்னது முன்காலின் முன்முகத்தில், பின்னது பின்காலின் பின்முகத்தில். காலுக்கு அடியில் வைத்தால் மடக்கும்போது ஒன்றோடொன்று இடிக்கும். இந்த 460 எதற்கு என்றால், மேல் படியின் அகலம் 318 தான். பாதம் இரு பக்கமும் படியின் ஓரத்தைவிட 70 மி.மீ. வெளியே போகிறது. படியின் ஓரத்தில் நின்று பக்கவாட்டில் எட்டினாலும் எதிர்ப்பக்கக் கால் எளிதில் தூக்காது. கவிழும் ஸ்டூல்களில் பெரும்பாலும் படியும் பாதமும் ஒரே அகலம், சிலவற்றில் பாதம் குறுகலாகவே இருக்கும்.

கீழ்ப் படி 330 × 150 ஆங்கிள் சட்டம். முன்பாதப் புள்ளியிலிருந்து 10 மி.மீ. பின்னால் அதன் முன் ஓரம் தொடங்க வேண்டும். ஒரு நூல்கூட முன்பாதத்தைத் தாண்டி முன்னால் வரக் கூடாது, வந்தால் அதில் காலை வைத்ததும் ஸ்டூல் முன்னால் குடை சாயும். இந்தப் படியை முன்சட்டத்தோடு நிரந்தரமாக வெல்டு செய்துவிடுங்கள். கடை ஸ்டூலில் இதுவும் மடங்கும். மடங்குவதற்கு இன்னும் நாலு மூட்டு, இன்னும் நாலு தளர்ச்சி. நிரந்தரமாக வைத்தால் மடக்கிய ஸ்டூலின் தடிமன் ஏழு அங்குலம் ஆகிவிடும், பீரோ சந்தில் நுழையாது. ஆனால் அந்தப் படியே முன்சட்டத்தின் இரண்டு கால்களையும் கெட்டியாகக் கட்டிப்போடும் குறுக்காகிறது. அதன் அடியில் நாலு மூலையிலும் 40 மி.மீ. முக்கோணத் தகடு (3 மி.மீ.) வைத்துவிட்டால் பக்க ஆட்டத்துக்கு இடமே இல்லை. ஏழு அங்குலத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

இப்போது மூட்டு. இந்த ஸ்டூலின் ஆயுளே இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பைப்பில் நேரடியாக ஓட்டை போட்டு போல்ட் மாட்டினால் இரண்டு கெடுதல். மெல்லிய சுவரின் விளிம்பு மட்டுமே ராடைத் தாங்கும், நாளடைவில் முட்டை வடிவமாகும். ஆட்டத்தைக் குறைக்க நட்டை இறுக்கினால் பைப்பின் இரண்டு சுவரும் உள்ளே அமுங்கும், மூட்டு இறுகி மடக்க வராது. பிறகு தளர்த்துவீர்கள், மறுபடி ஆடும். இதற்கு ஒரே வழி பைப்புக்குள் புஷ், அதாவது ராடு நுழையும் தடித்த சின்ன இரும்புக் குழல், வைப்பது. வெளிவிட்டம் 16, உள்விட்டம் 10.2, நீளம் 26 மி.மீ. லேத் பட்டறையில் ஆறு புஷ் கடைந்துகொடுக்கச் சொல்லுங்கள்: மேல் மூட்டுக்கு முன்சட்டத்தில் இரண்டு, பின்சட்டத்தில் இரண்டு, மேல் படி மூட்டுக்கு முன்சட்டத்தில் இரண்டு. பைப்பில் 16 மி.மீ. ஓட்டை இட்டு, புஷ்ஷை உள்ளே தள்ளி, இரு முகத்திலும் அரை மி.மீ. துருத்தி நிற்கும்படி வைத்துச் சுற்றி வெல்டு. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் புஷ்தான் அழுத்தத்தை வாங்கும். ராடும் 26 மி.மீ. நீளத்தில் உட்காரும்.

ஓட்டை பக்கச் சுவரின் நட்டநடுவே இருக்க வேண்டும், முன்னும் பின்னும் 12.5 மி.மீ. பைப் முன்பின்னாக வளையும்போது இழுவையும் அமுக்கமும் முன்சுவரிலும் பின்சுவரிலும்தான் அதிகம், நடுவில் அனேகமாக ஒன்றுமில்லை. அதனால் நடுவில் போட்ட ஓட்டை பலத்தைக் குறைக்காது. ஐந்து மி.மீ. விலகி ஓரத்துக்குப் போய்விட்டால் அதே ஓட்டை முறிகிற இடமாகிவிடும்.

நாலு கால்களிலும் தனித்தனியாக அளந்து ஓட்டை போடாமல், ஜோடி ஜோடியாக ஒட்டி வைத்து கிளாம்ப் போட்டு ஒரே மூச்சில் டிரில் செய்யச் சொல்லுங்கள். புஷ் வெல்டு செய்யும்போது 10 மி.மீ. ராடை இரு புஷ்ஷிலும் ஓட்டிவிட்டு வெல்டு வைத்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். சூட்டில் உள்விட்டம் சுருங்கினால் உருண்டை அரத்தை உள்ளே விட்டு ராவாதீர்கள், 10.2 ரீமரோ (ஓட்டையைச் சீராக்கும் கருவி) டிரில்லோ ஓட்டுங்கள். அரம் ஓட்டையைக் கோணலாக்கிவிடும். ராடின் இரு முனையிலும் மட்டும் மரை, புஷ்ஷுக்குள் இருக்கும் பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். முழு நீளமும் மரையுள்ள ராடைப் போட்டால் அந்த மரையே அரம் போல வேலை செய்து புஷ்ஷைத் தின்னும். முனையில் இரும்பு வாஷர், அதன்மேல் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்). சாதாரண நட் மடக்கி விரிக்கத் தானே கழன்று வரும்.

மேல் படி 318 × 240 ஆங்கிள் சட்டம். இதன் அடிப்பக்கத்தில் ஒரு நீளப் புஷ் (அல்லது 10 மி.மீ. ராடு நுழையும் பைப்) வெல்டு செய்து, முன்சட்டத்தில் 435 மி.மீ. உயரத்தில் உள்ள புஷ்கள் வழியாக ராடு ஓட்டுகிறோம். படியின் பின்பகுதி, பின்சட்டத்தின் பின்முகத்தில் குறுக்கே வெல்டு செய்த 16 மி.மீ. ராடின் மேல் கொக்கி போலக் கவ்வி உட்காரும். கொக்கிக்கு 6 மி.மீ. பிளாட்டில் 17 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழமுள்ள, கீழ்நோக்கித் திறந்த வாய். இரண்டு கொக்கி போதும், பக்கத்துக்கு ஒன்று. மேலே ஏறிய எடை கொக்கியை ராடின் மேல் அமுக்குமே தவிரக் கழற்றாது. மடக்க, படியின் பின் ஓரத்தைக் கையால் தூக்கினால் போதும், அது முன்சட்டத்துக்குள் மேல்நோக்கி மடியும், பின்சட்டம் தானே வந்து சேரும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மேல் படி தன் சுழல் ராடைத் தாண்டி முன்னால் எவ்வளவு நீட்டியிருக்கிறதோ, அந்த நீட்டலில் காலை வைத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கீழ்ப் படியிலிருந்து மேல் படிக்கு ஏறுகிறவர் முதலில் மிதிப்பதே அந்த முன் ஓரத்தைத்தான். 50 மி.மீ. நீட்டி வைத்துவிட்டு, "ஏறும்போது மட்டும் டக்குனு சத்தம் வருது" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் கொக்கி தூக்கி மறுபடி விழுகிற சத்தம். நீட்டல் 20 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதோடு ஒரு கொக்கியின் பக்கத்தில், ராடின் அடியில் போய் மாட்டும்படி சின்னக் கொண்டி ஒன்று, ஜன்னல் கொண்டி மாதிரியே, வைத்துவிடுங்கள். விரித்ததும் கொண்டி போடுவது பழக்கமாகிவிட்டால் ஸ்டூலை இழுத்து நகர்த்தும்போதும் மடங்காது.

கொக்கியின் இடத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே வெல்டு செய்ய வேண்டாம். எல்லாம் மாட்டி முடித்தபின் சாக்பீஸ் கோட்டின் மேல் ஸ்டூலை விரித்து நிறுத்தி, படியில் ரசமட்டம் வைத்து, மட்டம் வந்த இடத்தில் கொக்கியைப் புள்ளி வெல்டு வைத்து, ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு முழு வெல்டு. இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் ராடில் உட்கார வேண்டும். ஒன்று உட்கார்ந்து மற்றது ஒரு மி.மீ. தூக்கலாக இருந்தால் ஒரு கால்தான் எடையை வாங்கும்.

வெல்டிங்கில் 1.6 மி.மீ. பைப்புக்கு 2 மி.மீ. ராடு, 40 முதல் 60 ஆம்பியர். கேட் வேலைக்கு வைத்திருக்கும் 3.15 ராடையே இதற்கும் எடுத்தால் பைப் பொத்துக்கொள்ளும், அதை மூட மேலே மேலே பூசுவார்கள், பார்க்கத் தடிமனாக இருக்கும், பிடிப்பு இருக்காது. முதலில் எல்லா மூலையும் புள்ளி வெல்டு. பிறகு செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டமும் 2 மி.மீ.க்குள் சமமா என்று டேப்பில் பாருங்கள். முழு வெல்டை ஒரு மூலை விட்டு எதிர்மூலையாக மாறி மாறி வைக்க வேண்டும், ஒரே பக்கமாகப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், ஸ்டூல் மூன்று காலில் நிற்கும். ஜி.ஐ. பைப் மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு வேண்டாம். துத்தநாகத்தைத் தேய்த்தெடுக்காமல் வெல்டு செய்தால் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டும் பொரிந்துபோகும். திறந்திருக்கும் எல்லாப் பைப் முனையையும் தகடு வைத்து மூடச் சொல்லுங்கள். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் தரையில் நிற்கிற ஸ்டூல் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது.

பாதத்துக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மூடியைச் செருகாதீர்கள். சாய்ந்த காலில் அது ஒரு விளிம்பில் மட்டுமே தரையைத் தொடும், பைப்பின் கூர் விளிம்பு சில மாதத்தில் அதை அறுத்துவிடும். பாதக் குறுக்குப் பைப்பின் இரு முனையிலும் அடியில் 40 × 40 × 4 மி.மீ. தகட்டைத் தரைக்கு இணையாக வெல்டு செய்து, அதன் அடியில் 6 மி.மீ. ரப்பர் ஒட்டுங்கள். இதற்கு நம் ஊரைவிடத் தோதான ஊர் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று ஷூ வேலை நடக்கிற ஊர்களில் செருப்புச் சாமான் கடைகளில் சோல் ரப்பர் ஷீட் துண்டாகக் கிடைக்கும். காற்றுப் புரை உள்ள மெத்தென்ற ஷீட் வேண்டாம், அது அமுங்கி ஸ்டூலை மிதக்க வைக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்து உடனே மீள்கிற கெட்டி ரப்பர் ஷீட் போதும். தகட்டையும் ரப்பரையும் உப்புத்தாளால் கீறிவிட்டு, இரண்டிலும் சொல்யூஷன் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு ஒட்டி, சுத்தியால் தட்ட வேண்டும். ஈரமாக ஒட்டினால் ஒரு வாரத்தில் கழன்று வரும்.

தோல் ஊரில் இருக்கிறோம், படிக்குப் பதில் தோல் வாரை இழுத்துக்கட்டிக் கால்களைப் பிடிக்கலாமே என்று சிலர் யோசிப்பது உண்டு. வேண்டாம். தோல் இழுவையில் நீண்டுகொண்டே போகும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக.

நாலு பாதமும் சமமாகத் தொடுகிறதா என்பதைச் சமையலறை கிரானைட் மேடையில் பாருங்கள், வீட்டுத் தரையில் பார்க்க வேண்டாம், டைல்ஸ் தரையே மட்டமாக இருக்காது. ஒரு பாதத்துக்குக் கீழே அஞ்சல் அட்டை நுழைந்தால் ரப்பர் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும். 2 மி.மீ.க்கு மேல் என்றால் அந்தப் பாதத்துக்கு இன்னொரு ரப்பர் ஷீட் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

படிப் பலகை 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. ஆங்கிளின் உள்ளே உட்காரட்டும், அப்போது எடையை ஆங்கிளின் உதடு தாங்கும், திருகு வெறும் பிடிப்புக்குத்தான். பிளைவுட்டை மேலிருந்து வெறும் திருகால் பைப்பில் பிடித்து வைத்தால் மிதிக்க மிதிக்க ஓட்டை பெருத்துவிடும். மேல் பரப்பில் அதே சோல் ரப்பரின் வரியுள்ள ஷீட்டை ஒட்டலாம், ஓரம் உரியாமல் இருக்க முன் ஓரத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை. முன் ஓரத்துக்கு மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு அடித்துவிடுங்கள். இறங்கும்போது அம்மாவுக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியும். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

பெயின்ட் அடிக்கும் முன் சோதனை. மூன்று சிமென்ட் மூட்டை, 50 கிலோ வீதம். ஸ்டூலை விரித்து முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடையே டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மூட்டையையும் மேல் படியில் ஒன்றன்மேல் ஒன்றாக மெதுவாக அடுக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். அடுக்கும்போது ஒருவர் கைப்பிடியைப் பிடித்திருக்க வேண்டும், யாரும் கால் பக்கத்தில் நிற்கக் கூடாது. இறக்கியபின் அதே அளவு மறுபடி. ஒரு மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் எங்கோ ஒரு வெல்டோ ராடோ நகர்ந்திருக்கிறது, தேடிப் பாருங்கள், முதலில் கொக்கியில். பிறகு ஒரே ஒரு மூட்டையைப் படியின் இடது ஓரத்தில், பாதி வெளியே தொங்கும்படி வைத்து எதிர்ப்பக்கப் பாதத்துக்கு அடியில் காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். வலது பக்கமும் அப்படியே. கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் பலமாக ஆட்டுங்கள். கொட கொட சத்தம் வந்தால் அது வாஷர் இடைவெளி, இன்னொரு நைலான் வாஷர் சேர்த்தால் போகும். சத்தமில்லாமல் வளைந்து வந்தால் முக்கோணத் தகடு போதவில்லை.

மரத்தில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய வீடு இடித்த தேக்கு நம் பக்கம் கிடைக்கிறது, நன்றாக உலர்ந்திருக்கும், ஆணி இல்லாமல் பார்த்து எடுத்தால் அருமையான மரம். கால்களுக்கு 60 × 25 மி.மீ. சட்டம், படியைத் திருகில் தொங்கவிடாமல் காலில் 8 மி.மீ. ஆழக் காடி எடுத்து அதற்குள் படியின் முனை உட்கார வேண்டும். மேல் மூட்டுக்குக் கீல் வேண்டாம், கீலின் திருகுகள் சட்டத்தின் முனை மரத்தில் இறங்கினால் பிடிக்காது. அங்கேயும் புஷ் வைத்த 10 மி.மீ. ராடே. நல்ல ஆசாரி கிடைத்தால் மரம் பார்வைக்கு அழகு. நாலு குடும்பம் புழங்குகிற வீட்டுக்கு நான் இரும்பையே சொல்வேன்.

புஷ்ஷுக்குள் ஆண்டுக்கு ஒருமுறை, போகிக்கு வீடு ஒட்டடை அடிக்கும் சமயத்தில், ஒரு சொட்டு எண்ணெய். ரப்பர் பாதங்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள், தூசி படிந்த ரப்பர் டைல்ஸில் வழுக்கும். மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வைக்க வேண்டாம், ரப்பரும் நைலான் வாஷரும் வெடிக்கும்.

இப்போது வளைந்து கிடக்கிற ஸ்டூலைத் தட்டி நிமிர்த்தி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய பைப் ஒருமுறை மடிந்த இடத்தில் உட்சுவர் நசுங்கியிருக்கும், நிமிர்த்தினாலும் அடுத்த முறை அங்கேயேதான், முன்னைவிடக் குறைந்த எடைக்கே மடியும். பட்டறையில் அறுத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.